ஹாக்கின்னு போட்ட அந்த ஃபோட்டோ பத்தி

ஆசிரியர் சாருக்கு வணக்கம்,

போன வாரம் ஸ்போர்ட்ஸ் பக்கத்துல கீழ் மூலையில ஒரு துண்டுச் செய்தி போட்டிருந்தீங்க, டப்ளின் குரோக் பார்க்ல 80 ஆயிரம் பேருக்கு மேல உக்காந்து பாத்த மேட்ச்னு. கூடவே ஒரு ஃபோட்டோ. அதுக்கு அடியில "அயர்லாந்து புரொஃபஷனல் ஹாக்கி லீக் ஃபைனல்"னு இருந்துச்சு. ஒரே வரியில மூணு தப்பு சார். கையில இருந்த மட்டையைப் பாத்தா ஹாக்கி மாதிரிதான் தெரியும், அதுக்கு உங்களைக் குத்தம் சொல்லல, நானும் இங்க வந்த புதுசுல அப்படித்தான் நெனச்சேன். அந்த ஆட்டத்துக்குப் பேர் ஹர்லிங். அது லீக்கும் இல்ல, ஆல் அயர்லாந்து சாம்பியன்ஷிப். இதெல்லாம் கூடப் போகட்டும், புரொஃபஷனல்னு போட்டீங்க பாருங்க, அதுதான் எனக்குப் பொறுக்கல. அந்தப் புல்லுல ஓடுன 30 பேர்ல ஒருத்தருக்குக் கூட ஆடுறதுக்குன்னு சம்பளம் கிடையாது, ஞாயித்துக்கிழமை அவ்ளோ கூட்டத்துக்கு நடுவுல கோப்பையைத் தூக்குன ஆளு, கொண்டாட்டம் முடிஞ்சதும் ஸ்கூல்ல பாடம் எடுக்கவோ மாட்டுப் பண்ணைக்கோ திரும்பிப் போயிருவாரு.

ஒரு கேப்ஷனுக்கு எதுக்கு இவ்ளோ நீளமா லெட்டர்னு கேப்பீங்க. நான் இருக்குறது லீட்ரிம் கவுன்டியில, கவுன்டின்னா நம்ம மாவட்டம் மாதிரி, அயர்லாந்தோட வடமேற்குப் பக்கம், ஏரியும் புல்லும் மழையும்தான். மனைவி நர்ஸ், நான் வீட்ல உக்காந்து கம்ப்யூட்டர் வேலை. எங்க பாரிஷ் கிளப் தன்னோட வரலாறை ஒரு புக்கா போடணும்னு ரெண்டு வருஷமா முயற்சி பண்ணிட்டு இருக்கு, இங்க அனேகமா எல்லா கிளப்பும் என்னைக்காவது ஒருநாள் அப்படி ஒரு புக் போடும், கெட்டி அட்டை, நடுவுல கறுப்பு வெள்ளை டீம் ஃபோட்டோ, முன்வரிசைல கையைக் கட்டி உக்காந்த ஆளுங்க. பொண்ணை அண்டர் 12 டிரெய்னிங்குக்குக் கொண்டு விடப் போன இடத்துல, உங்களுக்கு ஸ்கேன் பண்ணத் தெரியுமான்னு ஒருத்தர் கேட்டாரு. தெரியும்னு சொன்னேன். அவ்ளோதான், கமிட்டியில போட்டுட்டாங்க. அன்னைலேந்து சாயங்காலமானா பழைய மினிட்ஸ் புக்கும் துரு ஏறுன பின்னுமா இருக்கேன்.

முதல்ல கிளப்னா என்னன்னு சொல்லிடறேன். ஐபிஎல்ல டீம் இருக்கே அந்த மாதிரி நெனச்சா ஒண்ணுமே புரியாது. இங்க கேலிக் ஆட்டங்கள்னா ஹர்லிங்கும் கேலிக் ஃபுட்பாலும், நான் ஃபுட்பால்னு சொல்றதெல்லாம் இதைத்தான், நம்ம ஊர் ஃபுட்பாலை இங்க சாக்கர்னுதான் சொல்லுவேன். இந்த ஆட்டங்களுக்கு அடிமட்டம் பாரிஷ்தான், அதாவது ஒரு கத்தோலிக்க சர்ச்சோட எல்லைக்குள்ள இருக்குற நாலஞ்சு குக்கிராமம், ஒரு ஸ்கூல், ஒரு பப். நீ எந்தப் பாரிஷ்ல வளர்ந்தியோ அதுதான் உன் கிளப். எனக்கு அந்த டீம் புடிக்கும் அங்க போறேன்னு கிளம்ப முடியாது, வீடு மாறி நிஜமாவே அங்க குடியிருக்கேன்னு காட்டணும், அப்புறமும் டிரான்ஸ்ஃபர் கமிட்டி ஆயிரம் கேள்வி கேக்கும். கவுன்டிக்குக் கவுன்டி சட்டம் கொஞ்சம் மாறும், ஆனா காசு குடுத்து ஆளை வாங்குற பேச்சுக்கே இடமில்ல. அதனால ஒரு பாரிஷ்ல நல்ல கோல்கீப்பர் பொறக்கலைன்னா அடுத்த தலைமுறை வரைக்கும் காத்திருக்க வேண்டியதுதான். கிளப்ல நல்லா ஆடுறவங்களைப் பொறுக்கி எடுத்து கவுன்டி டீம், கவுன்டி டீம்தான் குரோக் பார்க்குக்குப் போற டீம். நீங்க ஃபோட்டோல பாத்தது அந்த உச்சாணிக் கொம்பை. வேர் இங்க சேத்துல இருக்கு.

சேறுன்னு சும்மா சொல்லல. லீட்ரிம் மண்ணு களிமண்ணு, தண்ணி இறங்கவே இறங்காது. எங்க கிளப் கணக்கு நோட்டைப் பாத்தா கோப்பைக்கும் ஜெர்சிக்கும் செலவழிச்சதை விட மைதானத்துல தண்ணி வடிய குழாய் பதிச்ச செலவுதான் அதிகமா இருக்கும்போல. இப்பவும் பணம் வர்ற வழி லோட்டோ, வாரா வாரம் பப்லயும் கடையிலயும் சீட்டு வித்து நாலு நம்பர் குலுக்குறது, ஜாக்பாட் அடிக்கலைன்னா அடுத்த வாரம் கூடும். மெம்பர்ஷிப் வேற. விளையாடுறவனே காசு கட்டித்தான் விளையாடுறான் சார், இதைத்தான் நீங்க புரொஃபஷனல்னு போட்டீங்க.

இன்னொண்ணு உங்களுக்குப் பிடிக்கும்னு நெனக்கிறேன், இந்த மொத்த அமைப்பும் ஆரம்பிச்சதே பேப்பர்லதான். மைக்கேல் கியூசாக்னு க்ளேர் கவுன்டிக்காரரு, ஸ்கூல் நடத்திட்டு இருந்தவரு, 1884 அக்டோபர் 11ஆம் தேதி ரெண்டு பேப்பர்ல ஒரு கட்டுரை எழுதினாரு, நம்ம ஆட்டங்களெல்லாம் அழிஞ்சுட்டு இருக்கு, ஓட்டம் தாண்டல் எல்லாத்தையும் நம்மள மதிக்காதவங்க கையில குடுத்துட்டோம்னு. ஒரே வாரத்துல மாரிஸ் டேவின்ங்கற பெரிய தடகள வீரர் ஆமா நானும் வர்றேன்னு பதில் லெட்டர் போட்டாரு. நவம்பர் 1ஆம் தேதி டிப்பரேரியில தர்லஸ்ங்கற ஊர்ல ஹேய்ஸ் ஹோட்டல்ல கூடிப் பேசுனாங்க. வந்தவங்கன்னு வழக்கமா சொல்ற கணக்கு ஏழு பேர். ஏழே பேர்! அதுல ரெண்டு பேர் பத்திரிகைக்காரங்க. இன்னொருத்தர் போலீஸ் இன்ஸ்பெக்டர், அதுவும் பிரிட்டிஷ் அரசாங்கத்து போலீஸ், அவரைப் பத்தி கொஞ்சம் கழிச்சு வரேன். அந்தக் கூட்டத்துல பொறந்ததுதான் கேலிக் அத்லெடிக் அசோசியேஷன், இங்க எல்லாரும் ஜிஏஏன்னுதான் சொல்லுவாங்க. இது காட்டுத்தீ மாதிரி பரவுச்சுன்னு கியூசாக்கே சொல்லியிருக்காரு. காட்டுத்தீ பரவுச்சு, ஆனா பத்த வெச்சவரை ரெண்டு வருஷத்துக்குள்ள செக்ரட்டரி பதவியிலேந்து தூக்கிட்டாங்க, வர்ற லெட்டருக்குப் பதில் போடல, கணக்கு சரியா வெக்கலைன்னு. அவர் சும்மா இருந்தாரா, 1887ல சொந்தமா ஒரு பேப்பரே ஆரம்பிச்சுட்டாரு. எங்க கமிட்டியில செக்ரட்டரி மேல கோவம் வர்றப்பல்லாம் இந்தக் கதையைத்தான் சொல்லிக் காட்டுறாங்க.

கேஷல் ஆர்ச்பிஷப் குரோக், ஸ்டேடியத்துக்கு இவர் பேர்தான், அந்த டிசம்பர்லயே ஆதரவு லெட்டர் போட்டாரு, டென்னிஸ் போலோ குரோக்கே கிரிக்கெட்னு வெளியூர் ஆட்டமெல்லாம் வந்து நம்மளோடதை விழுங்குதுன்னு பொருமித் தள்ளியிருப்பாரு. ஆமா சார், கிரிக்கெட்தான். அந்தக் காலத்துல அயர்லாந்து கிராமங்கள்ல கிரிக்கெட் நல்லாவே ஓடிட்டு இருந்துச்சு, டிப்பரேரி கில்கென்னி பக்கமெல்லாம் டீம் டீமா ஆடியிருக்காங்க. இதை எங்க பப்ல சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க, இந்தியாக்காரன் கிரிக்கெட்டை உள்ள நுழைக்கப் பாக்குறான்னு சிரிப்பு வேற.

பாரிஷை அடிப்படையா வெச்சது கெட்டிக்காரத்தனம்தான், சர்ச் இருக்குற இடத்துலயெல்லாம் ஒரு டீம் ரெடி. ஆனா பாதிரியாரும் கூடவே வந்துட்டாரு. மினிட்ஸ்ல பாதி இடத்துல சேர்மன் அவர்தான், பீல்டு வாங்கணும்னாலும் அவர்தான், அடிதடி நடந்தா பஞ்சாயத்தும் அவர்தான். புக்ல இதை எழுதுறப்போ பெருசுங்க எல்லாம் நன்றின்னு மட்டும் எழுதச் சொல்றாங்க. அவர் சொல்லுக்கு மறு சொல் இல்லாம இருந்ததையும் சேத்து எழுதணும்னு நான் சொன்னேன். ஓட்டுக்கு விட்டாங்க, தோத்துட்டேன்.

பழைய ஸ்கோர் பாத்து முதல்ல எனக்குத் தலை சுத்திருச்சு. இப்போ கணக்கு ஈஸி, ஹெச் மாதிரி போஸ்ட், பாருக்குக் கீழ வலைக்குள்ள போனா கோல், அது 3 பாயின்ட், பாருக்கு மேல போனா 1 பாயின்ட். ஃபுட்பால்ல மட்டும் 2025லேந்து 40 மீட்டர் வளைவுக்கு வெளிய இருந்து அடிச்சு மேல போனா 2 பாயின்ட். ஆனா 1892 வரைக்கும் ஒரு கோல் அடிச்சா எதிராளி எத்தனை பாயின்ட் வெச்சிருந்தாலும் செல்லாது, கோல்தான் ஜெயிக்கும். அதுக்கப்புறம் கோலுக்கு 5, அதையும் குறைச்சு 1896ல 3. ஒரு பக்கத்துக்கு 21 பேர் ஆடியிருக்காங்க, பிறகு 17, 1913லதான் 15. 21 பேரும் 21 பேரும் ஒரு மாட்டுப் புல்வெளியில மோதுனா அதைப் பாக்க எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. முதல் ஆல் அயர்லாந்து போட்டியில கவுன்டி டீம்னு தனியா ஒண்ணு கிடையாது, கவுன்டியில ஜெயிச்ச கிளப்பே கவுன்டி பேர்ல போகும். 1887 சாம்பியன்ஷிப்போட ஹர்லிங் ஃபைனல் 1888 ஏப்ரல் 1ஆம் தேதி பர்ங்கற ஊர்ல நடந்துச்சு, தர்லஸ் கிளப் கால்வேயோட மீலிக் கிளப்பை அடிச்சுது. அதாவது நீங்க போட்ட அந்த 80 ஆயிரம் பேர் மேட்ச் ஒரு காலத்துல ரெண்டு ஊர்க் கிளப் மோதுன மேட்ச்தான்.

எங்க கிளப்புக்கு வரேன். முதல் மினிட்ஸ் புக் காணோம். யார் வீட்டு அட்டத்துலயோ எலி தின்னிருக்கும்னு ஒரு கட்சி, வேணும்னே எரிச்சுட்டாங்கன்னு ஒரு கட்சி. அதனால ஆரம்ப காலத்துக்கு லீட்ரிம் அப்சர்வர் பழைய பேப்பரைத்தான் நம்பணும், 1890லேந்து வர்ற வாரப் பத்திரிகை, மைக்ரோஃபிலிம்ல ஓட்டி ஓட்டி கண்ணு பூத்துப் போச்சு. உக்காந்து பாத்தா ஒண்ணு தெரியுது, கிளப் தொடர்ச்சியா இருந்ததே கிடையாது. நாலு வருஷம் இருக்கும், அப்புறம் பேச்சு மூச்சே இருக்காது, திடீர்னு வேற பேர்ல முளைக்கும். புக் எழுத வந்தவங்களுக்கு இந்த ஓட்டையெல்லாம் பாத்தா வெக்கமா இருக்கு, எதையாவது போட்டு நிரப்பணும்னு பாக்குறாங்க. எனக்கோ ஓட்டைதான் கதைன்னு தோணுது.

முதல் ஓட்டை 1890கள்ல. அயர்லாந்துக்குத் தன்னாட்சி கேட்ட பார்னெல்ங்கற தலைவரோட சொந்த வாழ்க்கை விவகாரத்துல அவர் கட்சி ரெண்டா உடைஞ்சுது, சர்ச் ஒரு பக்கம், ஜிஏஏ ஆளுங்கள்ல நெறைய பேர் பார்னெல் பக்கம். 1891ல அவர் இறந்தப்போ ஊர்வலத்துல ஹர்லி மட்டையில கறுப்புத் துணி சுத்தி நடந்தாங்க. பாதிரியார் ஒரு பக்கம் கேப்டன் ஒரு பக்கம்னா சின்ன ஊர்ல டீம் எப்படி நிக்கும்? நாடு பூரா கிளப் எண்ணிக்கை மளமளன்னு சரிஞ்சுது, எங்களோடதும் அதுல போயிருச்சு.

அப்புறம் ஒரு நல்ல பக்கம் வருது. 1918ல பிரிட்டிஷ் அரசாங்கம் பொதுவுல கூட்டம் கூடணும்னா பர்மிட் வாங்கணும்னு சொல்லிச்சு, மேட்சும் அதுல அடங்கும். ஜிஏஏ பர்மிட் கேக்க மாட்டோம்னுட்டாங்க. அதோட விடல, ஆகஸ்ட் 4 ஞாயித்துக்கிழமை சாயங்காலம் 3 மணிக்கு எல்லா ஊர்லயும் ஒரே நேரத்துல ஆடுங்கன்னு சொல்லிட்டாங்க. ஆடுனாங்க சார், ஆயிரத்துக்கு மேல மேட்ச், ஒரே நாள்ல, எத்தனை போலீஸ் எத்தனை மைதானத்துக்குப் போவான். கேலிக் சண்டேன்னு பேரே ஆயிருச்சு. ரெண்டு வருஷம் கழிச்சு 1920 நவம்பர் 21 குரோக் பார்க்ல மேட்ச் நடந்துட்டு இருக்கும்போதே பிரிட்டிஷ் படை சுட்டு 14 பேர் செத்தாங்க, டிப்பரேரி ப்ளேயர் மைக்கேல் ஹோகனும் அதுல ஒருத்தர், இன்னிக்கு கப்பு வாங்குற ஸ்டாண்டுக்கு அவர் பேர்தான். அது உலகத்துக்கே தெரிஞ்ச கதை, நான் நீட்டல.

இப்போ அந்த போலீஸ் இன்ஸ்பெக்டர். தாமஸ் செயின்ட் ஜார்ஜ் மெக்கார்த்தின்னு பேரு, ஆரம்பிச்ச ஏழு பேர்ல ஒருத்தர். அவர் ஆரம்பிச்ச அமைப்புலயே பிற்பாடு போலீசும் பிரிட்டிஷ் ஆர்மியும் சேரக் கூடாதுன்னு விதி வந்துருச்சு, அந்த விதி 2001லதான் போச்சு. இதை விட ஊரை ஆட்டி வெச்சது இன்னொரு தடை, சாக்கர் ரக்பி கிரிக்கெட் ஹாக்கி ஆடுறவனுக்கு மட்டுமில்ல, போய் வேடிக்கை பாத்தவனுக்கும் சஸ்பென்ஷன். யார் போனான்னு கண்டுபிடிக்க விஜிலன்ஸ் கமிட்டி, அதாவது வேவு பாக்குற ஆளுங்க. எங்க மினிட்ஸ்லயே ஒரு நல்ல ஃபார்வர்டை சாக்கர் மேட்ச் பாத்ததுக்கு உக்கார வெச்சாங்க, அந்த வருஷம் ஃபர்ஸ்ட் ரவுண்ட்லயே காலி. பேர் போடலாமா வேணாமான்னு ஒரு மீட்டிங் பூரா சண்டை, பேரன் இன்னும் டீம்ல ஆடுறான்.

ஊர்க்காரன் கதை இருக்கட்டும், நாட்டோட ஜனாதிபதியையே விடல அவங்க. டக்ளஸ் ஹைட், பக்கத்து ராஸ்காமன் கவுன்டிக்காரரு, ஐரிஷ் மொழிக்காக உயிரைக் குடுத்து உழைச்சவரு, 1938ல நாட்டோட முதல் ஜனாதிபதி ஆனாரு. அந்த நவம்பர்லயே டப்ளின்ல அயர்லாந்து போலந்து சாக்கர் மேட்ச் நடந்துச்சு, ஜனாதிபதிங்கற முறையில போய் உக்காந்தாரு. ஜிஏஏல அவர் பேட்ரன், அதாவது கௌரவப் புரவலர், அடுத்த மாசமே பேட்ரன் பதவியைப் பிடுங்கிட்டாங்க. இந்தத் தடையை 1971லதான் எடுத்தாங்க. கூத்து என்னன்னா ராஸ்காமன் ஜிஏஏ மைதானத்துக்கே இப்போ ஹைட் பார்க்னுதான் பேரு. அந்த மைதானத்துக்கு நாம திரும்ப வருவோம்.

அடுத்த ஓட்டை 1950கள். இதுக்கு அரசியல் சண்டையெல்லாம் காரணமில்ல, ஆளே இல்ல. லீட்ரிம்ல 1841 சென்சஸ்ல 1,55,000 பேருக்கு மேல. பஞ்சம் வந்துச்சு, கப்பல் வந்துச்சு, அப்புறம் நிக்கவே இல்ல. 1950லேந்து பத்து வருஷத்துல நாட்டை விட்டுப் போனவங்க மட்டும் 4 லட்சம் பேர் வாக்குல. 1996ல லீட்ரிம் மொத்தமும் 25,057 பேர், ஒரு கவுன்டி பூரா! மினிட்ஸ்ல ஒரு பக்கம் வருது, அந்த வருஷ வரவேற்புரை கண்டன தீர்மானம் எதுவும் கிடையாது, டீம் லிஸ்ட் மட்டும் எழுதி பக்கத்துல பென்சில்ல லண்டன், லண்டன், நியூயார்க், பர்மிங்ஹாம்னு குறிச்சு வெச்சிருக்காரு செக்ரட்டரி. அடுத்த பக்கம் காலி. அதை ஸ்கேன் பண்ணிட்டு கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன், நானும் லிஸ்ட்ல ஊர் பேர் எழுதப்பட்டவன்தானே. அந்த ஆளுங்க வீடு இருந்த இடத்துல இன்னிக்குப் பாத்தா வரிசை வரிசையா ஸிட்கா ஸ்ப்ரூஸ் மரம், இருட்டா, உள்ள பறவை சத்தம் கூட கேக்காது. மரம் நட மானியம் உண்டு, ஆளை நட யாரும் குடுக்கலைன்னு இங்க ஒரு பெரியவர் சொல்லுவாரு.

போனவங்க ஆட்டத்தை விடல, அதான் அதிசயம். 1947ல ஆல் அயர்லாந்து ஃபுட்பால் ஃபைனலையே நியூயார்க்ல போலோ கிரவுண்ட்ஸ்ல வெச்சாங்க, கவன் கவுன்டி கெரியை ஜெயிச்சுது. கவன் எங்களுக்கு ஒட்டுன கவுன்டி, ஊர்ல ரேடியோ இருந்த வீடுங்க எல்லாம் ஜன்னலைத் திறந்து வெச்சுதாம், முற்றத்துல பாதி பாரிஷ். மைக்கேல் ஓஹெஹிர்தான் கமென்டரி, லைன் கட் ஆகுற நேரம் வந்துருச்சு மேட்ச் முடியல, இன்னும் அஞ்சு நிமிஷம் குடுங்கன்னு ரேடியோலயே கெஞ்சுனாரு, குடுத்தாங்க. லண்டன் 1975லேந்து எங்க கானக்ட் மாகாணப் போட்டியில ஆடுது, நியூயார்க் 1999லேந்து. நியூயார்க் ஒவ்வொரு வருஷமும் தோக்கும், அது ஒரு சடங்கு மாதிரி. 2023ல பிராங்ஸ்ல இருக்குற கேலிக் பார்க்ல பெனால்டி வரைக்கும் போயி முதல் தடவையா ஜெயிச்சாங்க. யாரை ஜெயிச்சாங்க? எங்களைத்தான். லீட்ரிமை. மறுநாள் காலையில சர்ச் வாசல்ல ஒரு அம்மா சொன்னாங்க, போனா போகுது, அங்க ஆடுன புள்ளைங்கள்ல எத்தனை பேர் தாத்தா இங்கேந்து போனவரோன்னு. அடிபட்ட வலியிலயும் ஒரு கணக்கு.

ஜெயிச்ச கதையும் ஒண்ணு இருக்கு. லீட்ரிம் கானக்ட் கப்பு வாங்குனது 1927ல. அதுக்கப்புறம் 1994 வரைக்கும் வாங்கல, 67 வருஷம். 94ல மேயோவை ஜெயிச்சாங்க, எங்கன்னு பாருங்க, அதே ஹைட் பார்க்ல. கேப்டன் டெக்லன் டார்சி டப்ளின்ல வளர்ந்தவரு, குடும்ப வேர் லீட்ரிம், வாரக் கடைசியில வண்டி ஏறி வந்து ஆடுனவரு. 1927 கேப்டன் டாம் கேனன் அப்போ உயிரோட இருந்தாரு, வயசாளி, அவரும் டார்சியும் சேந்து கப்பைப் புடிச்சிருக்குற ஃபோட்டோ இங்க எந்த பப்ல நுழைஞ்சாலும் சுவத்துல இருக்கும். செமிஃபைனல்ல டப்ளின்கிட்ட தோத்தாங்க, அதைப் பத்தி யாரும் பேசுறதில்ல. சரியான முடிவு.

பொம்பளைங்க எங்கன்னு நான் கேட்டேன் கமிட்டியில. அறுபது எழுபது வருஷ மினிட்ஸ்ல அவங்க வர்றது ஒரே வரியிலதான், டீயும் சாண்ட்விச்சும் குடுத்த பெண்களுக்கு நன்றி. ஜெர்சி துவைச்சது யாரு, லண்டன்லேந்து வர்ற பணத்தை எண்ணி வெச்சது யாரு, ஒரு பேச்சும் இல்ல. கமோகின்னு பெண்களோட ஹர்லிங் அசோசியேஷன் 1904லயே வந்தது, ஃபுட்பாலுக்கு 1974ல அதே ஹேய்ஸ் ஹோட்டல்லதான் ஆரம்பிச்சாங்க. இன்னும் மூணும் தனித்தனி அமைப்பு, முன்னாள் ஜனாதிபதி மேரி மெக்கலீஸ் தலைமையில 2027க்குள்ள ஒண்ணாக்கணும்னு ஒரு வேலை நடந்துட்டு இருக்கு. அதுவரைக்கும் ஒரே மைதானத்துக்கு ரெண்டு டீம் அடிச்சுக்குது, பொண்ணுங்களுக்கு எந்த நேரம் குடுப்பாங்கன்னு நான் சொல்லணுமா.

இப்போ 2022 சென்சஸ்ல லீட்ரிம் 35,199. கூடியிருக்கு, எங்களை மாதிரி வந்தவங்களும் அதுல உண்டு. ஆனா கூடுனதெல்லாம் டவுன் பக்கம், எங்க பாரிஷ்ல அண்டர் 12க்கு 15 புள்ள தேறல. அதனால பக்கத்துப் பாரிஷோட சேத்து ஆடுறாங்க, அமல்கமேஷன்னு பேரு. அந்தப் பக்கத்துப் பாரிஷ் யாருன்னா நூறு வருஷமா எங்க பரம வைரி, ஆத்துப் பாலத்துக்கு அந்தாண்ட. கவுன்டி செமிஃபைனல்ல அவங்க ஆள் கைய முறிச்சான்னு இன்னிக்கும் வருஷத்தோட சொல்லுவாங்க. ஜெர்சி என்ன கலர்ங்கறதுக்கே மூணு மாசம் ஆச்சு, கடைசியில ரெண்டு கலரையும் பாதி பாதி வெச்சாங்க, அழகாவே இல்ல. ஒரு பெரியவர், 80 தாண்டுனவரு, புது ஜெர்சி போட்ட மேட்சுக்கு வர மாட்டேன்னு சபதம் பண்ணாரு. கார்ல உக்காந்து கேட்டுக்கு வெளியேந்து பாத்தாரு, சபதம் சபதம்தான்.

எங்களுக்கு இங்க மரியாதை கிடைச்சது எப்படின்னு கேட்டா அது இந்தக் கிளப்பாலதான், அதை மறைக்க முடியாது. 2020 கொரோனால குரோக் பார்க்கே டெஸ்ட் எடுக்குற இடமாச்சு, ஊர்ல கிளப் பசங்க தனியா இருந்த கிழவங்களுக்கு மளிகையும் மருந்தும் கொண்டு போய் வாசல்ல வெச்சாங்க. மனைவி டபுள் ஷிஃப்ட்ல இருந்தப்போ எங்க வாசல்லயும் ஒரு பை இருந்துச்சு, யார் வெச்சதுன்னு கடைசி வரைக்கும் சொல்லல. இங்க ஒரு சாவுன்னா பாருங்க, கிளப் ஆளுங்க ஜெர்சி போட்டு ரோட்டு ரெண்டு பக்கமும் நிப்பாங்க, பெட்டி நடுவுல போகும், மேல மடிச்சு வெச்ச ஜெர்சி. போன குளிர்காலத்துல லைன் மார்க் பண்ற மனுஷன் போயிட்டாரு, ஒரு நாளும் டீம்ல ஆடுனதில்ல, 40 வருஷம் சுண்ணாம்பு போட்டவரு. அவருக்கும் அதே வரிசை. மழையில நானும் நின்னேன், என் பொண்ணு பக்கத்துப் பாரிஷ் பொண்ணு பக்கத்துல நின்னா.

சொல்ல வந்தது இதுதான் சார். உங்க கேப்ஷன்ல ஹர்லிங்னு மாத்துங்க, புரொஃபஷனலை எடுத்துடுங்க. அடுத்த தடவை இந்தப் பக்கம் செய்தி போட்டா ஜூலையோட நிறுத்தாம ஆகஸ்ட்டுக்கு மேலயும் பாருங்க, கவுன்டி சீசன் முடிஞ்சதும் கிளப் சாம்பியன்ஷிப் தொடங்கிரும், ரெண்டாம் தட்டுல, அதாவது இன்டர்மீடியட்ல ஆடுற எங்க டீம் இந்த வருஷம் குரூப்பைத் தாண்டி அடுத்த சுத்துக்குப் போனா அதுவே எங்களுக்கு ஆல் அயர்லாந்து. புக்கு அச்சுக்குப் போறதுக்குள்ள கடைசிப் பக்கம் இன்னும் முடியல. அண்டர் 12 டீம் ஃபோட்டோ போடணும், ரெண்டு பாரிஷ் கலந்த டீமை நம்ம கிளப் வரலாறுல எப்படிப் போடுறதுன்னு இன்னும் அடிச்சுக்கறாங்க. வியாழக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு மீட்டிங். இந்தத் தடவை ஓட்டுல தோக்க மாட்டேன்னு நெனக்கிறேன், மூணு பேரை ஏற்கனவே பேசி வெச்சிருக்கேன்.

இப்படிக்கு,
லீட்ரிம் கவுன்டியிலேந்து உங்க பழைய வாசகன்